அயலார் காத்த பள்ளிகள்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. வில்லும் அம்புமாகவோ, வாளும் கேடயமுமாகவோ ஒரு வீரன் பாய்ந்து நிற்பான். சிலவற்றில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும். மேலே வட்டெழுத்தில் சில வரிகள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்பதோடு செய்தி முடிந்துவிடும். தொறு என்பது ஆநிரை. பட்டான் என்றால் இறந்தான். வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் இத்தகைய கற்களை எங்கள் பக்கத்து மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் வழிபடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் இண்டூரிலிருந்து மறைக்கல்வி மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். சிறுவன் ஒருவன் ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டான்: "சாமி, மாடு இவரோடது இல்ல. ஊரும் இவரோடதோ என்னவோ. அப்புறம் யாருக்காகச் செத்தாரு?" கடமைக்காக என்று சொல்லி வைத்தேன். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சேவகன் என்றால் பிறர்பொருட்டு ஊழியம் செய்பவன். அவன் உண்ட சோற்றுக்காக உயிரைத் தந்தானா, கொடுத்த வாக்குக்காகத் தந்தானா? தன்னுடையது அல்லாத ஒன்றைக் காப்பதற்கு ஒருவன் எதுவரை கடமைப்பட்டவன்? இக்கேள்வியோடு நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். அது என்னைத் தமிழக எல்லையையும் கடலையும் தாண்டி, இலங்கையிலுள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தியது.

பொலன்னறுவை நகரின் இடிபாடுகளுக்கு நடுவே, சிங்கள மக்கள் தளதா மளுவ என்று அழைக்கும் மேடையில், புத்த சமயக் கட்டடங்கள் பல நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று அட்டதாகே. முதலாம் விஜயபாகு மன்னனின் காலத்தில், புத்தரின் பல் என்று போற்றப்படும் திருப்பண்டத்தை வைப்பதற்காக எழுப்பப்பட்டது. இன்று அங்கே கல்தூண்களும் ஒரு புத்தர் சிலையும் சிதைந்த சுவர்களுமே எஞ்சியுள்ளன. அதன் அருகில் நிற்கும் பெரிய கற்பலகையில், வடமொழிப் பகுதிக்குப் பின் வரும் வாசகம் தமிழ். அதைப் பொறித்தவர்கள் வேளைக்காரர்.

வேளைக்காரர் என்ற பெயர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் புதிதன்று. மன்னனின் உடலுக்கு அருகிலேயே இருந்து காவல் செய்யும் படையினர் அவர்கள். அப்பெயருக்கு அறிஞர் பலவாறு பொருள் கூறியுள்ளனர். வேளை வரும்போது உயிரைத் தருவதாக முன்னதாகவே வாக்களித்து வைத்தவர்கள் என்ற விளக்கமே மிகப் பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், நித்தவினோதன் முதலான இராசராசனின் பட்டப்பெயர்களைத் தாங்கிய வலங்கை வேளைக்காரப் படைகள் பல குறிக்கப்படுகின்றன. கோவிலின் செல்வத்துக்கும் பொறுப்பேற்கும் அளவுக்கு அப்படைகள் நம்பிக்கைக்கு உரியனவாக இருந்தன.

இவர்கள் இலங்கைக்குப் போனது சோழரின் போர்களோடு. 993-இல் இராசராசனின் படை அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரோடு சோழர் ஆட்சியின் தலைநகராயிற்று. 1017-இல் இராசேந்திரனின் படை சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டு சென்றது. அவன் அங்கேயே இறந்தான். நம் வரலாற்றுப் புதினங்களில் பெருமையோடு விவரிக்கப்படும் இந்நிகழ்ச்சிகள், விகாரைகளும் திருப்பண்டங்களும் சூறையாடப்பட்ட நிகழ்ச்சிகளும்கூட என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். 1070-இல் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டான். துறவற அருட்பொழிவை முறைப்படி தொடர்வதற்குக்கூடப் போதிய துறவியர் அப்போது இலங்கையில் இல்லை. பர்மாவிலிருந்து துறவியரை வரவழைத்து அம்மரபை மறுபடியும் நிறுவ வேண்டியதாயிற்று.

சோழர் ஆட்சி போயிற்று. தமிழ்ப் படைவீரர்கள் போகவில்லை. விஜயபாகுவே வேளைக்காரரைத் தன் பணியில் வைத்திருந்தான். இன்றைய இனப்பகையைக் கண்ணாடியாக அணிந்துகொண்டு பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அக்காலத்தவருக்கு வியப்பாக இருக்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் எந்த மொழி பேசினான் என்பதைவிட, கொடுத்த வாக்கைக் காப்பானா என்பதே அரசனுக்குக் கவலை.

அக்கவலைக்குக் காரணம் இருந்தது. விஜயபாகு கன்னட நாட்டு மன்னனுக்குத் தூதர்களை அனுப்பினான். வழியில் சோழர் அவர்களைப் பிடித்து, மூக்கையும் காதையும் அறுத்துத் திருப்பி அனுப்பினர் என்று சூளவம்சம் கூறுகிறது. சினங்கொண்ட மன்னன் சோழ நாட்டின்மீது படையெடுக்க ஆணையிட்டான். வேளைக்காரர் மறுத்தனர். மறுத்ததோடு நிற்கவில்லை, தளபதிகள் இருவரைக் கொன்று, மன்னனின் தங்கையையும் அவளுடைய பிள்ளைகளையும் பிடித்து, அரண்மனைக்குத் தீ வைத்தனர். இது ஏறத்தாழ 1085-இல் நடந்தது. தப்பியோடிய மன்னன் படை திரட்டித் திரும்பி வந்து கலகத்தை அடக்கினான். கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கலகத் தலைவர்களைக் கைகளைப் பின்னால் கட்டி நிறுத்தி எரித்தான்.

கலகம் செய்தவர்களின் கொடுமையை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவர்களது நெருக்கடியும் உண்மையானது. இலங்கை மன்னனின் சோற்றை உண்டவர்கள் அவர்கள். போர் என்று வந்தபோது எதிரே நிற்கப்போகிறவர்களோ அவர்களுடைய உற்றார். வாக்குக் கொடுத்த நாளில் இப்படியொரு வேளை வரும் என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

இத்தனை நடந்த பிறகுதான் அந்தக் கல்வெட்டு. விஜயபாகு 1110-இல் மறைந்தான். அரியணைக்காக உறவினர் போரிட்டனர், நாடு துண்டுபட்டது. பொலன்னறுவையைக் கைப்பற்றிய விக்கிரமபாகு, விகாரைகளுக்குரிய ஊர்களைப் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தான் என்று சூளவம்சம் குறைகூறுகிறது. இக்குழப்பக் காலத்தில்தான், உத்துருமூலை மடத்தைச் சேர்ந்த முகலன் என்ற மூத்த துறவி, அரச அமைச்சர்களோடு வந்து வேளைக்காரரை அழைக்கிறார். புத்தரின் பல் இருக்கும் கோவிலைக் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கேட்கிறார். ஒரு தலைமுறைக்கு முன் அரண்மனையைக் கொளுத்திய அதே வேளைக்காரரிடம்!

யாரிடமிருந்து காக்க? கல்வெட்டில் விஜயபாகுவின் புகழ் பேசப்படுகிறது. பொறிக்கப்பட்ட வேளையில் அரியணையில் இருந்தவனின் ஆட்சியாண்டு இல்லை. சொந்த நாட்டு அதிகாரத்தின் கையிலிருந்தே கோவிலைக் காக்க வேண்டிய நிலை வந்திருந்தது என்றும், அதற்கு அயலவரே ஏற்றவர் என்று அத்துறவி கண்டிருந்தார் என்றும் நான் கருதுகிறேன்.

வேளைக்காரர் அவர் அழைப்பை ஏற்றனர். தங்களுக்கு மூத்தோராக விளங்கிய வளஞ்செயரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்து முடிவெடுத்தனர். வளஞ்செயர் என்போர் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் கழகத்தோடு தொடர்புடையவர்கள். இக்கழகத்தார் 1088-இல் சுமத்திராத் தீவின் பரூஸ் பகுதியில் தமிழ்க் கல்வெட்டு நாட்டியவர்கள். வாணிகமும் வாளும் ஒன்றாகவே பயணம் செய்த காலம் அது. வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினரும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆகவே இதைத் தமிழர் மட்டுமே செய்தது என்று நாம் தோள்தட்டிக் கொள்ளவும் இடமில்லை. மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தங்கள் பெயரையே அப்புத்தப் பள்ளிக்குச் சூட்டினர். காவலுக்குத் தங்கள் பிரிவுகளிலிருந்தே ஆட்களை ஏற்படுத்தினர். தாங்கள் அழிய நேர்ந்தாலும், பள்ளிக்குரிய ஊர்களையும் பரிவாரத்தையும் உடைமையையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்பதாகவும், தங்கள் மரபு உள்ளளவும் இது நடக்கும் என்றும் உறுதி கூறினர். இதை மீறுபவன் படைக்குப் பகைவன், ஐம்பெரும் பாவம் செய்தவன், புத்தருக்கும் அவர் அறத்துக்கும் அவர் சங்கத்துக்கும் பிழை செய்து நரகம் புகுபவன் என்று தங்களைத் தாங்களே சபித்துக்கொண்டனர்.

அவர்களில் பெரும்பாலோர் சிவனையும் திருமாலையும் வழிபட்டவர்களாகவே இருந்திருப்பர். தாங்கள் வணங்காத ஒன்றைக் காப்பதாக, அதை வணங்குவோரின் சாபமொழியாலேயே தங்களைக் கட்டிக்கொண்டார்கள். அக்கல்வெட்டில் என்னை மிகவும் தைத்தது இதுதான்.

இவ்விடத்தில் குருமடத்தில் படித்த ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. நாம் அருளடையாளம் என்று சொல்வதற்கு இலத்தீன் திருச்சபை வழங்கும் சொல் 'சாக்ரமெந்தும்'. திருச்சபை அச்சொல்லைத் தானாக உருவாக்கவில்லை. உரோமைப் படையில் சேரும் வீரன் தன் தளபதிக்குச் செய்து கொடுத்த சத்தியத்தின் பெயர் அது. கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன்தான், ஏறத்தாழ 200-ஆம் ஆண்டை ஒட்டி, அச்சொல்லைத் திருமுழுக்குக்கு எடுத்தாண்டு பரப்பியவர்களுள் முதன்மையானவர். திருமுழுக்கில் நாம் சொல்லும் மறுமொழிகள் அவருக்கு ஒரு படைவீரனின் சத்தியமாகத் தெரிந்தன. அவரே, மலர்முடி சூட மறுத்த ஒரு கிறிஸ்தவ வீரனைப் பற்றி எழுதிய நூலில், கடவுளுக்குக் கொடுத்த சத்தியத்தின்மேல் மனிதனுக்கு இன்னொரு சத்தியம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். 1085-இல் வேளைக்காரர் சிக்கியதும் இத்தகைய முடிச்சில்தான். அவர்களுக்கு இரண்டு பக்கமும் மனிதர்கள் என்பதே வேறுபாடு.

சத்தியத்தால் பெயர் பெற்ற இன்னொரு படையும் அக்காலத்தில் இருந்தது. ஐரோப்பாவின் வடகோடியில், இன்றைய ஸ்வீடனிலிருந்து புறப்பட்டுக் கிழக்கே ஆறுகள் வழியாகப் பயணம் செய்த அவர்களை வரலாற்றாசிரியர் வரங்கியர் என்பர். அவர்களின் பழைய மொழியில் 'வார்' என்றால் வாக்குறுதி. வாக்குறுதியால் ஒருவரோடொருவர் பிணைந்தவர் என்பது பெயரின் பொருள். வலங்கை, வரங்கியர் என்ற ஒலியொற்றுமையைக் கண்டு யாரும் உறவு தேடிப் புறப்பட வேண்டாம். நம்மவரிடம் அந்தப் பழக்கம் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன். சொற்களுக்கு உறவில்லை, வாழ்க்கைக்கு உறவு உண்டு.

இவர்களும் பாதி வணிகர், பாதி வீரர். மென்மயிர்த் தோல், தேன், மெழுகு ஆகியவற்றோடு அடிமைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு போய், அரபு நாட்டு வெள்ளிக் காசுகளோடும் கிரேக்க நாட்டுப் பட்டோடும் திரும்பினர். லதோகா ஏரிக்கருகே அவர்கள் தங்கிய பழைய ஊரில் கிடைத்த மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், 753 அளவிலேயே அங்கு குடியிருப்பு இருந்தது தெரியவந்தது. 839-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் தூதர்களோடு ஜெர்மானிய நாட்டு இங்கல்ஹைமுக்கு வந்த சிலர் தங்களை ருஸ் என்று சொல்லிக்கொண்டனர். பேரரசர் லூயிஸ் விசாரித்தபோது அவர்கள் ஸ்வீடியர் என்று தெரிந்தது. கீவ் நகரத் துறவியர் 1113-ஐ ஒட்டித் தொகுத்த வரலாற்றேடு, 862-இல் தங்களுக்குள் சண்டையிட்டுக் களைத்துப்போன ஸ்லாவிய மற்றும் பின்னியக் குடிகள் கடலுக்கு அப்பாலிருந்து வரங்கியரைத் தாங்களே அழைத்து ஆளச் சொன்னார்கள் என்று கூறுகிறது. ரூரிக் என்பவனும் அவன் தம்பியர் இருவரும் வந்தனராம். அழைத்தார்களோ, இவர்களாகவே வந்து அமர்ந்தார்களோ, வந்தது உண்மை. ஓலெக், ஒல்கா, இகோர் என்று இன்று ருஷ்யரும் உக்ரைனியரும் தம் பிள்ளைகளுக்கு இடும் பெயர்கள், ஹெல்கி, ஹெல்கா, இங்வார் என்ற வடநாட்டுப் பெயர்களின் உருமாற்றமே. இகோரின் மகனுக்கே ஸ்வியாதஸ்லாவ் என்று தூய ஸ்லாவியப் பெயர். மூன்று நான்கு தலைமுறைக்குள் வந்தவர்கள் மண்ணின் மொழிக்குள் கரைந்துவிட்டனர்.

அவ்வழிகள் எவ்வளவு தொலைவுக்கு நீண்டிருந்தன என்பதற்கு ஒரு சான்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஸ்டாக்ஹோமுக்கு அருகே ஹெல்கோ என்ற தீவில் 1950-களில் நடந்த அகழாய்வில், அயர்லாந்தில் செய்யப்பட்ட ஆயர் கோலின் தலைப்பகுதி கிடைத்தது. எகிப்து நாட்டு வெண்கல அகப்பை ஒன்று கிடைத்தது. அவற்றோடு, நம் துணைக்கண்டத்தின் வடமேற்கில் ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வார்க்கப்பட்ட சிறிய புத்தர் படிமமும் கிடைத்தது. ஆயரின் கோலும் தாமரையில் அமர்ந்த புத்தரும் பனிநாட்டுத் தீவொன்றில் ஒரே குடியிருப்பில்!

இவர்களுக்கும் நடுகற்கள் உண்டு. ஸ்வீடனில் ரூன் எழுத்துப் பொறித்த கற்கள் பல, கிழக்கே போய் இறந்தவர்களுக்காக உறவினர் நாட்டியவை. இங்வார் என்பவனோடு போய்த் திரும்பாதவர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 26 கற்கள் உள்ளன. 1905-இல் கருங்கடலின் பெரெசான் தீவில் ஒரு கல் அகப்பட்டது. கிரானி என்பவன் தன் கூட்டாளி கார்ல் என்பவனுக்கு எடுப்பித்த கல்லறையைப் பற்றிய செய்தி அதில் உள்ளது. தாய்நாட்டிலிருந்து அத்தனை தொலைவில், ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, உடன் வந்தவன் ஒருவனைப் புதைத்துவிட்டு மற்றவன் படகேறியிருக்கிறான். தருமபுரிக் கற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சில சொற்கள் அந்நியமாகத் தோன்றா.

வரங்கியரும் நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் நடுவில் வைக்கப்பட்டவர்களே. விளாதிமிர் அவர்கள் துணையோடுதான் கீவ் நகரைப் பிடித்தான். பிடித்துக் கொடுத்தவர்கள் நகர மக்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்டபோது, ஒரு மாதம் பொறுங்கள் என்று இழுத்தடித்து, பிறகு அவர்களைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பிவிட்டான். இவர்களை ஒரே நகரில் வைக்காதீர்கள், பிரித்து வையுங்கள் என்று பேரரசருக்கு முன்னதாகவே செய்தியும் அனுப்பினான் என்று ஏடு சொல்கிறது. வாடகைக்கு வாளெடுத்தவர்களை அமர்த்திய எல்லா அரசர்களும் கற்ற பாடம் அது.

ஆனால் அதே ஏட்டில் வேறொரு வரங்கியனும் இருக்கிறான். ருஸ் நாட்டில் கிறிஸ்துவை முதலில் அறிந்தவர்களில் வரங்கியர் பலர். 944-இல் கிரேக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது, பழைய தெய்வங்களை வணங்கியோர் கேடயத்தையும் உருவிய வாளையும் பெருன் சிலையின் முன் வைத்துச் சத்தியம் செய்தனர். கிறிஸ்தவர்களோ கீவ் நகரின் புனித எலியா கோவிலில் சத்தியம் செய்தனர். 983-இல் விளாதிமிர் போரில் வென்று திரும்பியபோது, தெய்வங்களுக்கு நரபலி கொடுக்கச் சீட்டுப் போட்டனர். கிரேக்க நாட்டிலிருந்து வந்து கீவ் நகரில் குடியிருந்த கிறிஸ்தவ வரங்கியன் ஒருவனின் மகன்மேல் சீட்டு விழுந்தது. ஆள் கேட்டு வந்தவர்களிடம் அத்தந்தை, நீங்கள் வணங்குபவை இன்றிருந்து நாளை உளுத்துப்போகும் மரங்கள், என் மகனைத் தரமாட்டேன் என்று மறுத்தான். கூட்டம் வேலியை உடைத்தது. மேல்தளத்தில் மகனோடு நின்றவனைக் கீழே வரவழைக்க முடியாமல், வீட்டைத் தாங்கிய கால்களை வெட்டிச் சாய்த்து இருவரையும் கொன்றது. எங்கே புதைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்று ஏட்டை எழுதிய துறவி குறிக்கிறார். கிழக்குத் திருச்சபை அவர்களைத் தியோடர், யோவான் என்ற பெயர்களால் ருஸ் நாட்டின் முதல் மறைசாட்சியராகப் போற்றுகிறது. ருஷ்ய மண்ணின் முதல் மறைசாட்சியர் அயலவர்!

ஐந்து ஆண்டுகளே கடந்தன. 988-இல், உள்நாட்டுக் கலகத்தில் தத்தளித்த பேரரசர் இரண்டாம் பசிலுக்கு விளாதிமிர் ஏறத்தாழ 6,000 வீரர்களை அனுப்பினான். பேரரசரின் தங்கை அன்னாவை மணந்தான், திருமுழுக்குப் பெற்றான், பெருன் சிலையை நீப்பர் ஆற்றில் இழுத்தெறியச் செய்தான். மறைசாட்சியரின் வீடு இருந்த இடத்தில் அன்னை மரியாவுக்குக் கோவில் எழுப்பி, தன் வருவாயில் பத்தில் ஒரு பங்கை அதற்கு அளித்தான் என்பது மரபு. அனுப்பப்பட்ட வரங்கியரோ கான்ஸ்டாண்டிநோபிளிலேயே பேரரசரின் மெய்க்காவல் படையாகிவிட்டனர். அடுத்தடுத்த பேரரசர்கள் தங்கள் சொந்த மக்களைவிட இந்த வடநாட்டாரையே நம்பினர். உறவுகளற்ற அயலவனுக்கு அரண்மனைச் சூழ்ச்சியில் பங்கு இராது என்பது அவர்கள் கணக்கு. பொலன்னறுவைத் துறவியும் அதே கணக்கைத்தான் போட்டார் போலும்.

வரலாறு இவ்வளவு தெளிவாகப் பேசும்போது, கேட்கத்தான் மக்களுக்கு மனம் இல்லை. 1749-இல் புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில், ஜெர்மானியரான மில்லர் என்ற வரலாற்றறிஞர், ருஸ் என்ற பெயரும் முதல் ஆட்சியாளரும் ஸ்காண்டிநேவியர்வழி வந்தவை என்று உரை ஒன்றை ஆயத்தம் செய்தார். அறிவியலாளர் லமனோசவ் முதலியோர் கொதித்தெழுந்தனர். ருஷ்ய மக்களை இழிவுபடுத்துவதாகக் கூறி அந்த உரை தடுக்கப்பட்டது. முன்னோர் வெளியிலிருந்து வந்தனர் என்பது அவர்களுக்குத் தாங்க முடியாத சொல்லாக இருந்தது. பின்னாளில் சோவியத் ஆட்சியிலும் அதே கூச்சல் வேறு உருவில் எழுந்தது. இன்று விளாதிமிருக்குக் கீவ் நகரின் குன்றில் 1853 முதல் ஒரு சிலை நிற்கிறது. கிரெம்ளினுக்கு அருகில் 2016-இல் இன்னொன்று நிறுத்தப்பட்டது. ஒரே திருமுழுக்குத் தொட்டியைத் தம் தாய்மடி என்று சொல்லும் இரு மக்கள், 2022 பிப்ரவரி முதல் முழு அளவிலான போரில் சிக்கினர்.

நமக்கு அண்மையில் உள்ளதை எண்ணிப் பார்ப்போம். சிங்களப் பள்ளிக்குழந்தைக்குத் தமிழ்ப் படை என்றால் அனுராதபுரத்தை அழித்த படை. தமிழ்ப் பள்ளிக்குழந்தைக்குச் சோழர் படை என்றால் புலிக்கொடி. பொலன்னறுவைக் கற்பலகை இருவருக்குமே வசதியாக இல்லை. அது அழித்தவர்களின் வழிவந்தவர்களே காவலராகவும் ஆனார்கள் என்று சொல்கிறது. காவலரானவர்கள் முன்னொரு நாள் கலகக்காரர்களாகவும் இருந்தார்கள் என்பதையும் சூளவம்சம் மறக்கவிடுவதில்லை. 2009-இல் முடிந்த போருக்கு முன்னும் பின்னும், இரு பக்கத்து மேடைகளிலும் சோழரின் படையெடுப்பு முழங்கியது உண்டு. வேளைக்காரரின் வாக்கு அப்படி முழங்கி நான் கேட்டதில்லை.

கத்தோலிக்கராகிய நாம் இதை ஏதோ சைவ, பௌத்த விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கல்வெட்டில் 'பள்ளி' என்ற சொல்லைப் பார்த்தோம். பௌத்த, சமணத் துறவியரின் இருப்பிடத்துக்கு வழங்கிய அந்தத் தமிழ்ச்சொல்லையே மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் தம் கோவிலுக்கு வழங்குகின்றனர். 849-ஐச் சேர்ந்த கொல்லம் செப்பேடுகளில் அது தரிசாப்பள்ளி என்று வருகிறது. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ என்பவர் எழுப்பிய அப்பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் அளித்ததைக் கூறும் ஆவணம் அது. வட்டெழுத்தில், அக்காலத் தமிழில் எழுதப்பட்டது. அளித்ததோடு நிற்கவில்லை. அப்பள்ளியையும் அதன் நிலத்தையும் காக்கும் பொறுப்பு அறுநூற்றுவரிடமும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. அஞ்சுவண்ணத்தார் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர். செப்பேட்டின் இறுதியில் சாட்சிகளின் கையொப்பங்கள் பகலவி மொழியிலும், அரபு எழுத்திலும், யூதர்கள் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் உள்ளன. கிறிஸ்தவரின் கோவிலுக்கு இந்து அரசன் நிலம் கொடுக்க, இசுலாமியரும் யூதரும் சாட்சி நின்றிருக்கிறார்கள்.

நம் கோவில்களின் நூற்றாண்டு விழா மலர்களை நான் விரும்பிப் படிப்பவன். நிலம் கொடுத்த ஆயர், கட்டிய குரு, மணி வாங்கித் தந்த குடும்பம் என்று எல்லாரும் இடம்பெறுவர். சுவர் எழும்பும்போது இரவுக் காவல் இருந்த வேற்றுச் சமயத்தார், கலவர நாளில் வாசலில் வந்து நின்ற அண்டை வீட்டார் ஆகியோரின் பெயர்கள் அம்மலர்களில் அரிதாகவே கிடைக்கின்றன. தரிசாப்பள்ளிக் கிறிஸ்தவர்கள் அப்பெயர்களைச் செப்பேட்டில் வைத்திருந்தனர்.

வேளைக்காரரின் வாக்கு எத்தனை நாள் நின்றது? தங்கள் மரபு உள்ளளவும் என்றார்கள். ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளுக்குள்ளேயே துறவியர் அத்திருப்பண்டத்தை எடுத்துக்கொண்டு தெற்கே உரோகணப் பகுதிக்குப் போக நேர்ந்தது. முதலாம் பராக்கிரமபாகு போரிட்டு அதை மீட்டுப் பொலன்னறுவைக்குக் கொண்டுவந்தான். 1215-இல் கலிங்கத்து மாகன் மலையாள, தமிழ்ப் படைகளோடு வந்து நகரைச் சூறையாடியபோது, துறவியர் அதை மறுபடியும் தூக்கிக்கொண்டு மலைநாட்டுக்கு ஓடி, கொத்மலைப் பகுதியில் மண்ணில் புதைத்து மறைத்தனர். மாகனின் படையில் வேளைக்காரரின் பேரர்கள் இருந்தார்களா, அல்லது பள்ளி வாசலில் அப்படையை எதிர்த்து நின்றார்களா என்று சொல்லும் கல் எதுவும் நமக்கு இல்லை.

திருப்பண்டம் ஊர் ஊராக மாறி, இன்று கண்டி நகரில் இருக்கிறது. வேளைக்காரரின் கற்பலகை மட்டும் வைத்த இடத்தின் அருகிலேயே, கூரையிழந்த தூண்களை ஒட்டி நிற்கிறது. அவர்கள் அப்பள்ளிக்கு இட்ட தமிழ்ப் பெயரை இன்றும் அதில் படிக்கலாம்.